நீரும் நெறியும்

வறண்ட பாலை நிலத்திலே தோன்றிய சமயம் இஸ்லாம். நீரின் அருமையை அம்மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்நீர் யாருக்கு உரியது என்பதே அங்கெழுந்த வினா.

மதீனாவில் ரூமா என்னும் கிணறு ஒன்றிருந்தது. உடையவர் அதன் நீரை விலைக்கு விற்றுவந்தார், ஏழைகள் இடர்ப்பட்டனர். நபிகள் நாயகத்தின் தோழரான உதுமான் தம் பொருள் கொடுத்து அதனை வாங்கி, யாவர்க்கும் பொதுவான அறக்கொடையாக்கினார். பின்னாளில் கலீபா ஹாரூன் அல் ரஷீதின் துணைவியாரான சுபைதா, நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து மக்காவை நோக்கி வாய்க்கால் அமைப்பித்தார். 831இல் அவர் மறைந்தபின்னும், அவ்வாய்க்கால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயணிகளின் தாகம் தணித்தது.

பொதுப்பொருளை வீணாக்க எவருக்கும் உரிமையில்லையன்றோ? தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவிற்கு நாயகம் கொண்ட நீர் ஒரு ‘முத்’. இன்றைய அளவில் ஒரு லிட்டருக்கும் குறைவு. கிணற்றைச் சுற்றி ‘ஹரீம்’ என எல்லை வகுத்து, அதற்குள் பிறர் கிணறு தோண்டலாகாது எனச் சட்ட அறிஞர் விதித்தனர். ஓரிடத்தில் மிகுதியாக இறைத்தால் அண்டைக் கிணற்றின் நீர்மட்டமும் தாழும் என இன்றைய நீரியல் விளக்குகிறது. பட்டறிவால் கண்ட நெறியை அறிவியல் உறுதிசெய்கிறது.

உலகிலுள்ள நீரில் நன்னீர் நூற்றுக்கு ஏறத்தாழ 2.5 பங்கே. அதிலும் பெரும்பகுதி பனியாய் உறைந்து கிடக்கிறது. எஞ்சிய சிறு பங்கே நம் அனைவரின் ரூமாக் கிணறு. குழாயை மூட மறப்பவர் சிந்துவது தம் நீரையன்று; பிறர் பங்கையே.