கடிகாரச் சத்தமும் கடகட டாஷ்போர்டும்

கார் டாஷ்போர்டுக்குள்ள எங்கேயோ இருந்து வர்ற 'கடகட' சத்தம் மாதிரி மனுசனைப் படுத்துற விஷயம் வேற இல்லை. மெக்கானிக் பக்கத்துல உட்கார்ந்தா வராது. அவர் இறங்கினதும் முதல் வேகத்தடையில வரும். இந்தச் சனியனுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு மக்களே.

1907-ல ரோல்ஸ்-ராய்ஸ் நிர்வாகி க்ளாட் ஜான்சன், அவங்க 40/50 ஹெச்.பி. வண்டி ஒண்ணுக்கு வெள்ளி கலர் அடிச்சு 'சில்வர் கோஸ்ட்'னு பேர் வெச்சார். சத்தமே இல்லாம பேய் மாதிரி போகுதாம். (கொலுசு போட்ட நம்மூர்ப் பேய்களை அவர் பார்த்ததில்லை போல.) அதே வருஷம் அந்த வண்டியை 15,000 மைல் ஓட்டிக் காட்டினாங்க. நடுவுல ஒரு தடவை தானா நின்னுச்சு. காரணம், அதிர்வுல பெட்ரோல் குழாய் திருகு தானா மூடிக்கிச்சு! பேய்க்கும் குலுக்கல் உண்டு.

அடுத்தது 1958. விளம்பர உலகத்தோட பெரிய தலை டேவிட் ஓகில்வி, ரோல்ஸ்-ராய்ஸுக்கு ஒரு விளம்பரம் எழுதினார். அறுபது மைல் வேகத்துல போனாலும் உள்ளே பெருசா கேட்கிறது மின்சாரக் கடிகாரச் சத்தம்தான்னு தலைப்பு. உலகப் புகழ் ஆயிடுச்சு. ஆனா 1933-லயே அமெரிக்காவோட பியர்ஸ்-ஏரோ காருக்கு வந்த விளம்பரத்துலயும் இதே கடிகாரம் இருந்தது. ஓகில்வி, 'தி மோட்டார்' பத்திரிகையோட கட்டுரையில இருந்து எடுத்தேன்னார். சுட்டதா, தற்செயலா? எனக்கென்னவோ, சத்தமில்லாத காரைப் பத்தி யார் யோசிச்சாலும் கடிகாரத்துலதான் போய் நிக்கணும்னு தோணுது. பெரிய சத்தம் அடங்கினாத்தானே சின்னது கேட்கும்!

கடகடவோட ரகசியமும் அதேதான். 2014-ல உற்பத்தி நின்ன நம்ம அம்பாசடர்ல, அதுவும் டீசல்ல, டாஷ்போர்டு முனகுறதை யாரு கேட்டா? எஞ்சின் அடங்க அடங்க, முன்னாடி இருந்த சத்தமெல்லாம் மேல வருது. எலக்ட்ரிக் கார்ல எஞ்சினே இல்லை. கேட்கவே வேணாம்.

இன்னொரு பக்கம் இரும்பு டாஷ்போர்டு போய் பிளாஸ்டிக் வந்துச்சு. வெயில்ல பிளாஸ்டிக் விரியறது இரும்பை விடப் பல மடங்கு அதிகம். அதனாலதான் காலையில கத்துற வண்டி மத்தியானம் சமர்த்தா இருக்கும். இதுல ரெண்டு ஜாதி உண்டு. ரெண்டு பாகம் மோதினா கடகட. ஒட்டி ஒட்டி வழுக்கினா 'கிரீச்'. வயலின் கம்பியில வில் இழுக்கிற அதே பௌதிகம், சங்கீதம் மட்டும் மிஸ்ஸிங். :-)

என் வண்டியில குற்றவாளி, கையுறைப் பெட்டியோட மூடி. நண்பர் ஓட்ட, நான் ஒவ்வொரு பாகமா உள்ளங்கையால அழுத்திக்கிட்டே வந்தேன். மூடியை அழுத்தினதும் சத்தம் நின்னுச்சு. மூடி முட்டுற இடத்துல ரெண்டு துண்டு ஃபெல்ட் ஒட்டினேன், முடிஞ்சது. கிளிப் உடைஞ்சிருந்தா மட்டும் ஒட்டு வேலைக்கு மசியாது, மாத்தியே ஆகணும்.

கொசுறு: 2020-ல புது 'கோஸ்ட்' கார் வந்தப்போ, சத்தத்தை ரொம்பவே அடக்கினதுல உள்ளே உட்கார்றவங்களுக்கு ஒரு மாதிரி ஆகுதுன்னு ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சினியர்கள் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் பாகங்களை ஒரே சுருதிக்குக் கொண்டு வந்து, லேசா ஒரு முணுமுணுப்பை அவங்களே விட்டு வெச்சாங்க.