உறையும் பாலும் உறையும் இரத்தமும்

காஹாங் வட்டாரத்தில் இன்று எங்கு பார்த்தாலும் செம்பனைதான். ஆனாலும் பால்மரம் சீவிய கைகள் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு. சீவிய கோட்டில் பால் சிறிது நேரம் வடியும். பிறகு தானே உறைந்து நின்றுவிடும். காயத்தில் நம் இரத்தமும் அப்படியே உறைகிறது, அதனால்தான் பிழைக்கிறோம். காயமில்லாத குழாய்க்குள் உறைந்தாலோ ஆபத்து.

இரத்தம் தேங்குவது, குழாய்ச் சுவர் புண்படுவது, உறையும் தன்மை மிகுவது என்று இதற்கு மூன்று காரணங்களை மருத்துவர்கள் சொல்வர். 1856-இல் இதை ஆராய்ந்து எழுதிய ஜெர்மானியர் ருடால்ப் விர்ச்சோவின் பெயராலேயே அவை வழங்குகின்றன.

உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை அமெரிக்காவில் 1950-களில் தொடங்கியது. இக்காலத்தில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவதும் உண்டு. அந்த மூன்று காரணங்களும் இங்கே ஒன்றுகூடலாம். வயிற்றுக்குள் வாயு செலுத்துவதால் சிரைகளில் ஓட்டம் தளர்கிறது. இரைப்பையை ஒட்டிய குழாய்கள் அறுபடுகின்றன. பிறகு போதிய தண்ணீர் குடிக்க முடியாமல் இரத்தம் கெட்டிப்படுகிறது. மிகச் சிலருக்கு, குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் பெரிய சிரையில் கட்டி உறைகிறது. பெரும்பாலும் வீடு திரும்பி ஓரிரு வாரங்களில் இது தெரியவரும். வயிற்றுவலி கூடும், வாந்தி வரும். புண் ஆறுகிற வலி என்று வீட்டில் இருந்துவிட்டால் குடலே அழுகிப்போகலாம். உடனே குளுவாங் மருத்துவமனைக்குப் போய், இன்ன அறுவை நடந்தது என்று சொன்னால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

இரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகளின் கதை விசித்திரமானது. 1916-இல் அமெரிக்க மாணவர் ஜே மெக்லீன் நாயின் கல்லீரலை ஆராய்ந்தபோது கிடைத்த தடயம் ஹெப்பாரின் ஊசி மருந்துக்கு வழிவிட்டது. இன்னொன்று மாட்டுத் தீவனத்தில் பிறந்தது. 1920-களில் கனடாவிலும் வட அமெரிக்கப் பண்ணைகளிலும் கெட்டுப்போன ஒருவகைப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் மடிந்தன. 1933-இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் இறந்த கிடாரியையும் பால்குவளை நிறைய உறையாத இரத்தத்தையும் கொண்டுவர, கார்ல் பால் லிங்க் குழுவினர் அதன் காரணத்தைத் தேடிப் பிடித்தனர். அதிலிருந்து வந்ததுதான் வார்பரின். 1948-இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. நம் செம்பனைத் தோட்டங்களிலும் எலிக்கு வைக்கப்பட்டது. எலி மருந்தையா மனிதருக்குக் கொடுப்பது என்று முகம் சுளிக்கவேண்டாம். 1955-இல் மாரடைப்பு கண்ட அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் அதையே கொடுத்தார்கள். அளவுதான் வித்தியாசம். ஆகவேதான் அதை உட்கொள்வோருக்கு அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்; கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றும் சொல்கிறார்கள்.