ரேகை

மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறினால்தான் பெங்களூரில் வேலைக்குப் போய்ச் சேர முடியும். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். துடைக்கிற, கழுவுகிற வேலை. வாசலில் ஒரு மெஷின், விரல் வைக்கணும். சோப்புத் தண்ணியில் ஊறித் தேய்ந்த எங்கள் விரலை அது பல நாள் அடையாளம் காணாது. காணாவிட்டால் அரைநாள் சம்பளம் போச்சு. திரும்பும்போது பையைப் பிரித்துக் காட்டணும். சூப்பர்வைசர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முந்தினவர் சொன்னதை அடுத்தவர் தப்பென்பார். யாருக்கும் வேலையில் மனசு ஒட்டவில்லை. போன வருஷம், ‘உங்களுக்கு ஊக்கம் போதாது’ என்று வகுப்பு எடுத்தார்கள். அந்த ஊக்கத்தைத் தின்றது யார் என்று மட்டும் அங்கே பேச்சில்லை.

மெஷின் முன்னால் நிற்கும்போதெல்லாம் ஆயா ஞாபகம் வரும். “கையக் குடுத்தோம், ஒழைப்பக் குடுத்தோம். ரேகையக் குடுக்க மாட்டோம்னு நின்னாங்கடா எங்க அப்பனுங்க” என்று சொல்லும். ஏதோ கிழவி கதை என்றிருந்தேன். அது வரலாறு.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலுக்கு வந்தது. பூமிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துச் சேரிகளிலிருந்து பண்ணையடிமையை உதறி வந்த நம் ஜனம். குடியிருப்பு மூங்கில் தட்டி வீடு. தங்கம் திருடுவான் என்று வெளியே வரும்போது உடம்பைத் தடவிச் சோதனை. அதுவும் போதாமல் 1930இல், கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்நாளில் ரேகை என்றால் போலீஸ், குற்றப்பரம்பரைச் சட்டம். உழைக்க வந்தவனை முன்கூட்டியே திருடனாக்குகிற ஏற்பாடு இது என்று நம்மவர்களுக்குப் புரிந்துபோனது. வேலையை நிறுத்தினார்கள். வழிநடத்தச் சங்கம் கிடையாது. ஆனாலும் 21 நாள் நின்றார்கள்.

தொழிலாளி கூலிக்காக மட்டும்தான் போராடுவான் என்று பாடம் எடுக்கிற தோழர்கள் இதைக் கணக்கில் சேர்க்கணும். அது மானத்துக்கான போராட்டம். சேரியை விட்டு வந்ததே அதற்காகத்தானே!

விரலை எண்ண நினைத்த அந்தச் சுரங்கத்தில் நுரையீரலையும் ஒருநாள் எண்ண வேண்டி வந்தது. 1940க்கும் 1946க்கும் இடையில் 7,653 பேரைச் சோதித்தார்கள். 3,402 பேருக்கு சிலிகோசிஸ். திருடன் என்று தடவிப் பார்த்த உடம்புக்குள் இருந்தது தங்கமல்ல, கல்தூசி.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அதனால்தான் எங்களுக்கு இந்த விடியற்காலை ரயில். அன்று மை, இன்று மெஷின். சந்தேகம் மட்டும் அதே சந்தேகம். சந்தேகப்படுகிற இடத்தில் மனசு வைத்து வேலை செய் என்றால் எவன் செய்வான்? அது சோம்பல் இல்லை, பதில்.

ரயிலில் இந்தக் கதையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அக்கா தன் விரலைப் பார்த்துக்கொண்டு, “அவங்க இருபத்தோரு நாள் நின்னாங்க. நம்மளால ஒரு நாள் நிக்க முடியுமா?” என்று கேட்டார். ரயில் பங்காருப்பேட்டை தாண்டும்வரை பெட்டியில் அதே பேச்சுதான்.

லைன் வீடுகளில் இன்னும் கிழவிகள் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள். எழுதி வையுங்கள்.