உறைபனியும் முன்பணமும்: நீலகிரி வகுப்பறையில் தசமமும் குறை எண்ணும்

27.5-ஐவிட 27.45 பெரியது என்று எழுதும் பிள்ளையும், −1-ஐவிட −3 பெரியது என்று எழுதும் பிள்ளையும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். முழு எண்ணில் பழகிய விதியைப் புதிய எண்ணின் மேல் ஏற்றுகிறார்கள். கீழ் வகுப்புகளில் அந்த விதி ஒருபோதும் அவர்களைக் கைவிடவில்லை. ஆகவே இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பது அநியாயம். வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டுங்கள் என்பது ஆசிரியர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. நீலகிரியில் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த உதாரணம் எந்தக் கணக்குக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காவிட்டால், உதாரணமே அடுத்த குழப்பத்துக்கு வித்தாகும் என்பது என் வாதம்.

முதலில் தராசு. சிறு விவசாயி பச்சைத் தேயிலை மூட்டையை மின்னணுத் தராசில் ஏற்றுகிறார்; திரையில் 27.450 என்று தெரிகிறது. சுற்றி நிற்பவர்கள் அதை ‘இருபத்தேழு கிலோ நானூற்றைம்பது’ என்றே வாசிக்கிறார்கள். அந்தப் புள்ளி அவர்களுக்கு இரண்டு முழு எண்களைப் பிரிக்கும் கோடு மட்டுமே. ரூபாய்க் கணக்கிலும் இதே கதைதான். ஆனால் அங்கே புள்ளிக்குப் பின் இரண்டு இடம், கிலோவில் மூன்று இடம். 27.05 என்பது பணத்தில் ஐந்து காசு கூடுதல். எடையில் ஐம்பது கிராம் கூடுதல். இரண்டையும் பிழையில்லாமல் கையாளத் தெரிந்த பிள்ளைக்கும், பத்தில் ஒன்று என்ற இடமதிப்பு கண்ணில் படாமலே போகலாம்.

இது எதிர்பார்க்கக்கூடியதே. திண்ணைப் பள்ளியின் எண்சுவடியில் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ரூபாய்க்கு நூறு காசு வந்ததே 1957 ஏப்ரல் 1-இல்தான். அதுவரை பதினாறு அணா. நம் பேச்சில் காலும் அரையும் முக்காலும் வேரூன்றியிருக்கும் அளவுக்குப் பத்தில் ஒன்று வேரூன்றவில்லை. எனவே ‘இருபத்தேழரை’யிலிருந்து தொடங்குவதே நல்லது என்று கருதுகிறேன். 27.5, 27.50, 27.500 மூன்றும் ஒரே அரைதான் என்பதைப் பிள்ளை தராசிலேயே பார்த்துவிட்டால், புள்ளிக்குப் பின் வரும் எண்ணை முழு எண்ணாக வாசிக்கும் பழக்கம் ஆட்டம் காணும்.

குறை எண்ணுக்கு உதகையில் எல்லோர் வாயிலும் வருவது உறைபனி. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் குளிர்காற்று தேங்கும். ‘மைனஸ்’ என்ற சொல் பள்ளிக்கு வருமுன்பே வீட்டுக்கு வந்துவிடும். எண்களை வரிசைப்படுத்த இதைவிட நல்ல களம் கிடையாது. −3 பதிவான நாளில் −1 பதிவான நாளைவிடக் குளிர் கடுமை, பாதரசம் இன்னும் கீழே. அத்துடன் இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டும். உறைபனி படிந்த புல்வெளியில் பாரன்ஹீட் வெப்பமானியை வைத்தால் −1.5 டிகிரி செல்சியஸ் 29.3 என்று காட்டும். குறை அடையாளமே இராது. குளிர் மாறவில்லை, சுழியத்தை வைத்த இடம்தான் மாறியது. வெப்பநிலையில் குறை எண் என்பது ஓர் இருப்பிடம். எதுவும் இல்லாமை அல்ல.

அதனாலேயே வெப்பநிலை கூட்டலுக்கு உதவாது. நேற்றைய −2-ஐயும் இன்றைய −3-ஐயும் கூட்டி −5 என்றால் அந்த விடைக்குப் பொருளே இல்லை. பயிற்சிக் கேள்விகளில் இப்படிப்பட்ட கூட்டல்கள் நுழைவது எனக்குக் கவலை தருகிறது. கணக்கு அர்த்தம் பார்க்காத வேலை என்று பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

கூட்டலுக்கு வேண்டியது கடன். 628-இல் பிரம்மகுப்தர் குறை எண்ணின் விதிகளைத் தனம், ருணம் என்ற பொருளும் கடனுமாகவே வகுத்தார். பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜென்டிடம் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கியவரின் கணக்கு −2,000. இலைக் காசு 1,400 வரவானால் −600. வரவுக்குப் பதில் முன்பணத்தில் 600-ஐத் தள்ளுபடி செய்தால் −2,000 − (−600) = −1,400. கடனைக் கழித்தால் நிலைமை உயர்கிறது என்பதை எந்த வெப்பமானியும் காட்டாது. ஆனால் வரிசைப்படுத்தலில் கடன் காலை வாரும். 2,000 ரூபாய்க் கடன் 600 ரூபாய்க் கடனைவிட ‘பெரிய’ கடன். ஆகவே −2,000 பெரியது என்ற முடிவுக்குப் பிள்ளை நியாயமாகவே வந்துசேரும். பனி வரிசையைக் கற்றுத்தரும், முன்பணம் கூட்டலைக் கற்றுத்தரும். ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைக்கக் கூடாது.

தசமமும் குறையும் சேரும் இடத்தில் சிக்கல் முற்றுகிறது. −1.5-ஐ எண்கோட்டில் குறிக்கச் சொன்னால், −1-க்குப் போய் அங்கிருந்து வழக்கம்போல் வலப்பக்கம் அரை நகர்ந்து −0.5-இல் நிற்பது எளிதில் நேரும் பிழை. எண்கோட்டைப் படுக்கையாக வரைவதைவிட வெப்பமானிபோல் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொரு அலகையும் பத்தாகப் பிரித்துக் கோடிட்டுத் தொடங்கலாம்.

ஆறாம் வகுப்புத் தமிழ்நாட்டுப் பாடநூலில் குறை எண்களையும் சேர்த்த முழுக்கள் மூன்றாம் பருவத்தில் வருகின்றன. அது ஜனவரி, உறைபனிக் காலம். வானிலை நிலையங்கள் காற்றின் வெப்பத்தைத் தரைக்கு 1.2 மீட்டர் அளவு மேலே அளக்கின்றன. தெளிந்த, காற்றசையாத இரவில் புல்தரை அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். ஒரு வெப்பமானியைப் புல்லிலும் இன்னொன்றை அந்த உயரத்திலும் வைத்து அதிகாலையில் பார்க்கலாம். கீழே −1.5, மேலே 2 என்று இருந்தால் இடைவெளி எவ்வளவு? 0.5 என்று எழுதும் பிள்ளை அடையாளத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் கழித்திருக்கிறது. அதைத் திருத்துவதற்குமுன், கீழிருந்து மேலே ஒவ்வொரு கோடாக விரல்வைத்து எண்ணச் சொல்ல வேண்டும். சுழியத்துக்கு ஒன்றரை, அங்கிருந்து இரண்டு, ஆக மூன்றரை.