கினிப்பன்றியின் பற்கள்: வெளியே தெரியாத ஆபத்து

எங்கள் வீட்டுக் கினிப்பன்றி கரட் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனபோது, வெயில் களைப்பு என்றே நினைத்தேன். தாடையின் கீழ் உரோமம் நனைந்திருந்ததையும் தண்ணீர் குடித்த ஈரம் என்று விட்டுவிட்டேன். மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றபோது காலம் பிந்திவிட்டது. முன்பற்களில் ஒரு குறையும் இருக்கவில்லை. கீழ்க் கடைவாய்ப் பற்கள் உட்புறமாக வளர்ந்து நாக்கை அழுத்தியிருந்தன.

கினிப்பன்றிக்கு 20 பற்கள். அவை அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார்மிக்க புல்லை நெடுநேரம் அரைத்து மெல்வதாலேயே அவை தேய்ந்து அளவாக நிற்கின்றன. ஆகவே உணவில் பெரும்பகுதி உலர்புல்லாகவோ மருந்து தெளிக்காத பசும்புல்லாகவோ இருக்க வேண்டும். கடையில் விற்கும் உருண்டைத் தீனி பல்லைப் போதியளவு தேய்க்காது. வைக்கோலில் போதிய சத்தில்லை.

மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் விற்றமின் சியை உற்பத்தி செய்யாது. அது குறைந்தால் பற்களைப் பிடித்திருக்கும் இழையங்கள் தளர்ந்து பற்கள் ஆடும். குடைமிளகாய்த் துண்டு தினமும் கொடுக்கலாம். கொய்யாப்பழம் இனிப்பென்பதால் இடைக்கிடை சிறிதளவு போதும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைதல், எச்சில் வடிதல், கடினமானதை விட்டு மென்மையானதைத் தேடுதல் ஆகியவை எச்சரிக்கைகள். நகவெட்டியால் பல்லை வெட்டாதீர்கள், பல் பிளந்துவிடும். கடைவாய்ப் பற்களை மிருக வைத்தியர்தான், பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து, சீராக்க வேண்டும். உண்ணாமல் இருந்தால் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம். நான் மூன்று நாட்கள் பொறுத்திருந்தேன்.