ஹெர்பி நிக்கல்ஸ்

ஹெர்பி நிக்கல்ஸ் (3 ஜனவரி 1919 – 12 ஏப்ரல் 1963) அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர்; இசையமைப்பாளர். இவருடைய மெட்டு ஒன்று பாடகி பில்லி ஹாலிடேயின் குரலில் உலகப் புகழ் பெற்றது. இவர் பெயரோ ஜாஸ் கலைஞர்களின் வட்டத்தைத் தாண்டவில்லை.

இளமை

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், செயின்ட் கிட்ஸ், டிரினிடாட் தீவுகளிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தார். சிறுவயதில் மேற்கத்தியச் செவ்வியல் பியானோ பயின்றார். போர்க்காலப் படைப்பணி முடிந்து திரும்பியபின், 1944இல் ‘மியூசிக் டயல்’ இதழில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கைப் பாராட்டி எழுதினார். மங்க் பற்றிய மிகப் பழைய கட்டுரைகளுள் அது ஒன்று.

இசை

கரீபியத் தாளமும் பார்டோக் போன்றோரின் செவ்வியல் இசையும் இவர் படைப்புகளில் கலந்திருக்கின்றன. ஜாஸில் வழக்கமான 32 பார் அமைப்பை இவர் பலமுறை மீறினார். டிரம்ஸைப் பக்கவாத்தியமாக மட்டும் கருதாமல், அது மெட்டுக்குப் பதில் சொல்ல இடம் விட்டு எழுதினார். ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச் ஆகியோர் டிரம்ஸ் வாசித்த புளூ நோட் நிறுவனப் பதிவுகளில் இந்த உரையாடலைத் தெளிவாகக் கேட்கலாம்.

அறியப்படாமைக்குக் காரணங்கள்

முதற்காரணம் பிழைப்பு. வாழ்நாளின் பெரும்பகுதியில் டிக்சிலேண்ட் எனும் பழைய பாணி ஜாஸ் குழுக்களில் பிறர் இசையை வாசித்தே சம்பாதித்தார். சொந்த இசையை இரவுதோறும் மேடையேற்ற நிலையான குழு அமையவில்லை.

இரண்டாவது, பதிவுகளின் விதி. 1955–56இல் புளூ நோட் நிறுவனம் இவரை ஐந்து அமர்வுகளில் பதிவு செய்தது. முதலிரு வெளியீடுகளும் 10 அங்குல இசைத்தட்டுகள். 12 அங்குலத் தட்டுகள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பதிவானவற்றில் ஒரு பகுதி 1980கள் வரை வெளிவரவே இல்லை. 1957இல் பெத்லஹெம் நிறுவனத்துக்காகச் செய்த ‘லவ், குளூம், கேஷ், லவ்’ இவரது கடைசித் தொகுப்பு.

மூன்றாவது, இவர் தலைமையில் வந்த தொகுப்புகள் யாவும் பியானோ, பாஸ், டிரம்ஸ் கொண்ட மூவர் குழுவினுடையவை. டிரம்பெட், சாக்சபோன் கலைஞர்கள் எடுத்து வாசிக்காததால் மெட்டுகள் பரவவில்லை. பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் சிலவற்றைப் பதிவு செய்தது அரிய விதிவிலக்கு. ‘செரினேட்’ என்ற மெட்டுக்குப் பில்லி ஹாலிடே சொற்கள் எழுத, அது ‘லேடி சிங்ஸ் தி புளூஸ்’ ஆயிற்று. 1956இல் வந்த ஹாலிடேயின் தன்வரலாற்று நூலுக்கும் அதுவே தலைப்பு. பாடலோடு நிலைத்தது பாடகியின் பெயர்.

மறைவுக்குப் பின்

இரத்தப் புற்றுநோயால் 44 வயதில் இறந்தார். 1966இல் ஏ. பி. ஸ்பெல்மேன், நான்கு ஜாஸ் கலைஞர்களைப் பற்றிய தம் நூலில் ஒரு பகுதியை இவருக்கு ஒதுக்கினார். 1980களில் மிஷா மெங்கல்பெர்க், ஸ்டீவ் லேசி, ரோஸ்வெல் ரட் ஆகியோர் இவர் படைப்புகளைப் பதிவு செய்தனர். 1990களில் ஃபிராங்க் கிம்புரோ, பென் ஆலிசன் ஆகியோர் இவர் பெயரிலேயே ஒரு குழுவை நடத்தினர்.

நிக்கல்ஸோடு வாசித்த டிராம்போன் கலைஞரான ரட், இவருடைய வெளிவராத படைப்புகளில் 27ஐத் தொகுத்து 2000இல் நூலாக்கினார். பிறர் கைகளில் ஒலிக்கும் வாய்ப்பே வாழ்நாளில் இவ்விசைக்குப் பெரிதும் கிடைக்காதது. அவ்வாய்ப்பை அந்நூல் திறந்து வைத்தது.