இரசனையும் காரணமும்: க.நா.சு.வின் நூற்பரிந்துரைகள் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் நவீன இலக்கியத் திறனாய்வு வளர்ந்த வரலாற்றினை எழுதுவோர் பெரும்பாலும் கொள்கைகளிலிருந்தே தொடங்குவர். அழகியல், மார்க்சியம், உருவவாதம் என்று பெயரிட்டு, அவ்வப் பெயரின் கீழ் ஆட்களை நிறுத்துவது வசதியான முறையுமாகும். ஆயின் அவ்வரலாற்றின் ஒரு முக்கிய கட்டம் கொள்கையெதனிலிருந்தும் தொடங்கவில்லை. ஓர் எழுத்தாளர் தாம் படித்து விரும்பிய நூல்களைப் பிறரிடம் எடுத்துச் சொல்லத் தொடங்கியதிலிருந்தே அது தொடங்குகின்றது. க.நா. சுப்ரமண்யம் 1950களின் பிற்பகுதியில் வெளியிட்ட கட்டுரைத் தொகுதிக்கு இட்ட பெயர் 'படித்திருக்கிறீர்களா?' என்பது. நண்பர் இருவர் தெருவிற் சந்திக்கும்போது ஒருவர் மற்றவரிடம் கேட்கும் கேள்வி அது. விமரிசன நூலொன்றுக்கு அதற்கு முன்னர் தமிழில் எவரும் இத்தகைய பெயர் சூட்டியதாகத் தெரியவில்லை.

விரும்பியதைப் பகிர்ந்து கொள்ளும் வழக்கம் அவருக்கு முன்னர் தமிழில் இல்லாதிருந்ததன்று. 1920களில் திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி இத்துறையில் நினைவுகூரத்தக்கது. அங்குக் கம்பனின் பாடலொன்று பலமுறை சொல்லப்பட்டு, கேட்போர் அதனை அனுபவிக்கும்வரை திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்பட்டது. உரையாசிரியர் மரபு சொற்பொருளையும் இலக்கணத்தையும் முன்வைத்த இடத்தில் டி.கே.சி. அனுபவத்தை முன்வைத்தார். எனினும் அம்முறையில் ஓர் இடரும் இருந்தது. தமக்குச் சுவை தராத பாடல்களைக் கம்பன் பாடியவையல்ல எனத் தள்ளுமளவுக்கு அவரது இரசனை சென்றது. சுவடி ஆதாரம் செய்ய வேண்டிய தீர்ப்பினைச் சுவை செய்யத் தலைப்பட்டது. இரசனையை அளவுகோலாகக் கொள்ளும் எவரும் எதிர்நோக்க வேண்டிய இடர் இதுவே, க.நா.சு.வும் இதற்குத் தப்பவில்லை என்பதைப் பின்னர்க் காணலாம்.

வட்டத்தொட்டியின் விருந்து பழந்தமிழ்ச் செய்யுள். க.நா.சு. எடுத்துக்கொண்டது அச்சேறிய உரைநடை. அதிலும் அவர் காலத்திற் கவனிப்பாரற்றுக் கிடந்த உரைநடை. 1912ஆம் ஆண்டு வலங்கைமானிற் பிறந்த அவர், நூற்பற்று மிக்க தந்தையாரின் விருப்பப்படி ஆங்கிலத்தில் எழுதும் எழுத்தாளராகவே வளர்க்கப்பட்டவர். மணிக்கொடி இதழைக் கண்ட பின்னரே தமிழில் எழுத முற்பட்டார். சூறாவளி, சந்திரோதயம், 1960களில் இலக்கிய வட்டம் என அவர் நடத்திய இதழ்கள் எவையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

அக்காலச் சூழலை மனத்திற் கொள்ளாது அவரது முயற்சியை மதிப்பிடல் இயலாது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் தொடராக வந்து தமிழகத்தின் வாசகப் பெருந்திரளைத் தன்பால் ஈர்த்திருந்தது. வார இதழ்த் தொடர்கதையே நாவல் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்துவிட்டார், கு.ப. ராஜகோபாலன் அவருக்கும் முன்னரே, 1944இல் மறைந்தார். மௌனி தம் வாழ்நாள் முழுவதும் எழுதிய கதைகள் 24 அளவிலேயே அடங்குவன. அவற்றுட் பல பழைய இதழ்களின் பக்கங்களிற் புதைந்து கிடந்தன. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளோ இருபதாம் நூற்றாண்டு உரைநடையைப் பாடமாகக் கொள்வதற்கே தயங்கின. இந்நிலையில், இன்ன நூல் இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்று ஒருவர் சொல்வதே ஓர் இலக்கியச் செயலாயிற்று.

அக்கட்டுரைகளின் அமைப்பு மிக எளிது. நூலின் கதை சிறிதளவு சொல்லப்படும்; ஆசிரியரைப் பற்றி ஓரிரு செய்திகள் வரும்; தமக்கு அந்நூல் ஏன் பிடித்தது என்பது பேச்சுப் போக்கிற் கூறப்படும். மேற்கோளடுக்குகளோ கலைச்சொற்களோ இல்லை. முடிவில் வாசகன் கையில் எஞ்சுவது ஒரு கருத்தன்று, ஒரு நூலின் பெயர். அப்பெயரைக் கொண்டு அவன் நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதே எழுதியவரின் எதிர்பார்ப்பு.

இவ்வாறு அவரால் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்டவற்றுள் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' குறிப்பிடத்தக்கது. 1942இல் வெளிவந்த இச்சிறு நாவல், கொங்கு நாட்டுக் கிராமமொன்றில் கணவனை இழந்த பெண்ணொருத்தி குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்பதனால் விளையும் பகையைக் கூறுவது. அவ்வட்டாரத்துப் பேச்சு மொழி அதில் அப்படியே ஒலிக்கின்றது. நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் காதற்கதைகளுக்குப் பழகிய வாசகர் இதனைப் பொருட்படுத்தாதிருந்ததில் வியப்பில்லை. ஆனால் நில உடைமை உறவு, பெண்ணின் சொத்துரிமை, மண்வாசனை என்று ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் 1950களின் இறுதியிலும் 1960களிலும் இலக்கியத்திடம் எவற்றையெல்லாம் வேண்டி நின்றனரோ, அவையனைத்தும் இந்நாவலில் உள்ளன. இதனைத் தேர்ந்து முன்வைத்தவர், கலை கலைக்காகவே என்னும் கட்சிக்காரர் என அவர்களால் ஒதுக்கப்பட்டவர். இம்முரண் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

தமிழின் தொடக்க கால நாவல்களை அவர் அணுகிய முறையிலும் இதே மனப்பாங்கினைக் காணலாம். 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' என்ற நூலில் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 'கமலாம்பாள் சரித்திரம்', 'பத்மாவதி சரித்திரம்' முதலியவற்றை வரலாற்றுச் சான்றுகளாக அல்லாமல், இன்றும் படித்து மகிழத்தக்க நாவல்களாகவே அவர் பேசினார். வேதநாயகம் பிள்ளையும் ராஜமையரும் மாதவையாவும் உயிருள்ள எழுத்தாளராகத் தமிழ் வாசகரிடம் திரும்பி வந்ததில் அந்நூலுக்குப் பங்குண்டு. ஆயினும் அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' அவ்வைந்தினுள் இல்லை. 1895இல் வந்த, திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'யும் இல்லை. 'முதல்' என்ற சொல் கால வரிசையைக் குறிப்பதாயின் சித்திலெப்பையை விடுவதற்கு நியாயமில்லை. தரவரிசையைக் குறிப்பதாயின் அதற்குரிய காரணம் கூறப்பட்டிருத்தல் வேண்டும். தாம் படித்ததை மட்டுமே பகிரும் ஒருவர், தம் கைக்கு எட்டாத நூலைப் பற்றி மௌனமாயிருப்பது இயல்பு. ஆனால் அம்மௌனம் பட்டியலாக அச்சேறும்போது, வாசகன் அதனைத் தீர்ப்பாகவே கொள்கின்றான்.

மொழிபெயர்ப்பினையும் அவரது நூற்பகிர்வின் ஒரு பகுதியாகவே கொள்ளல் வேண்டும். இத்துறையில் அவர் ஆற்றிய பணி விமரிசனத்திலும் ஆழமானது எனலாம். ஆங்கிலம் பயின்ற அக்காலத் தமிழர் அம்மொழி வழியாக இங்கிலாந்தையே கண்டனர். பாடத்திட்டம் காட்டிய சேக்ஸ்பியர், வேர்ட்ஸ்வேர்த், டிக்கன்ஸ் ஆகியோரோடு அவர்தம் வாசிப்பு நின்றுவிடுவதும் உண்டு. க.நா.சு. ஆங்கிலத்தை ஒரு வாயிலாக மட்டுமே கொண்டு, அதற்கு அப்பாலிருந்த நோர்வேக்கும் சுவீடனுக்கும் பிரான்சுக்கும் சென்றார். நூட் ஹாம்சன் 1917இல் எழுதிய நாவலை 'நிலவளம்' என்றும், செல்மா லாகர்லெவ்வின் முதல் நாவலை 'மதகுரு' என்றும், ரோஜர் மார்ட்டின் து காரின் பிரெஞ்சுக் கிராமச் சித்திரத்தைத் 'தபால்காரன்' என்றும் தமிழாக்கினார். மனித நடமாட்டமற்ற வடபுலக் காட்டில் ஒற்றை மனிதன் ஒருவன் நிலந்திருத்திக் குடியேறுவதே 'நிலவள'த்தின் கதை. வன்னிக் காட்டை வெட்டிக் கழனியாக்கியோரின் வரலாறு தெரிந்த ஈழத்து வாசகனுக்கு அது தொலைதூரக் கதையாகத் தோன்றாது.

இவையனைத்தினும் பெரிய பேறு பெற்றது 'அன்பு வழி'. சுவீடன் நாட்டுப் பேர் லாகர்குவிஸ்டு 1950இல் வெளியிட்ட 'பரபாஸ்' என்னும் சிறு நாவலின் தமிழாக்கம் அது. அதன் ஆசிரியர் அடுத்த ஆண்டே நோபல் பரிசு பெற்றார். இயேசுவுக்குப் பதிலாக விடுதலை செய்யப்பட்ட திருடன், தன்னுயிருக்கு ஈடாக ஒருவர் இறந்தார் என்பதை நம்பவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் அலைவதை அந்நாவல் கூறும். தமிழாக்கத்தின் நடை வறண்டது, வாக்கியங்கள் குறுகியவை, அணியலங்காரம் அறவே இல்லை. அவ்வறட்சியே பின்வந்த சிறுகதையாசிரியர் சிலருக்குத் தமிழ் உரைநடை இவ்வாறும் இருக்கலாம் என்பதைக் காட்டிற்று. மூலமொழியினின்றும் பெயர்க்கப்படாமை இவற்றுக்கெல்லாம் பொதுவான குறையே. அவசரத்தில் எழுதிய பக்கங்களும் உள்ளன.

க.நா.சு.வுக்கு எதிரான வலுமிக்க மறுப்பு இலங்கைப் பல்கலைக்கழக வட்டத்திலிருந்தே எழுந்தது. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்', நாவல் என்ற வடிவத்தைச் சமுதாய மாற்றத்தின் விளைவாக ஆராய முற்பட்டது. 1980இல் அவர் எழுதிய 'திறனாய்வுப் பிரச்சினைகள்' க.நா.சு. குழுவைப் பற்றிய ஆய்வு எனத் தன் துணைத்தலைப்பிலேயே அறிவித்துக் கொண்டது. தனிமனிதனின் விருப்பு வெறுப்பு திறனாய்வாகாது. இந்நூல் நன்று எனக் கூறுபவர் அது எவ்வாறு நன்று என நிறுவுதற்குக் கடமைப்பட்டவர். இலக்கியத்தை அது பிறந்த சமுதாயத்தினின்றும் பிரித்துச் சுவைத்தல் முழுமையான வாசிப்பன்று என்பன அத்தரப்பின் அடிப்படைகள்.

இவற்றுள் இரண்டாவது மறுக்க இயலாதது. க.நா.சு.வின் பிற்காலப் பட்டியல்களிற் பெயர்கள் உள்ளன, காரணங்கள் அருகியே உள்ளன. அடிக்கடி வரும் பெயர்களும் பெரும்பாலும் மணிக்கொடித் தோழர்களுடையவை. கும்பகோணத்தையும் தஞ்சையையும் சுற்றியவை. நண்பர் கூட்டத்தில் இயல்பாய் அமையும் நம்பிக்கை, அச்சில் ஏறியதும் அதிகாரமாகத் திரிந்தது. 'குழு' என்று கைலாசபதி கூறியது வெறும் வசையன்று.

எனினும் மறுதரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. சமுதாய நோக்கு ஒரு நூலின் தோற்றத்தை விளக்கும். ஒரே சமுதாயத்தில், ஒரே ஆண்டில் வெளிவந்த இரு நாவல்களுள் எதனை எடுத்துப் படிப்பது என்ற வாசகனின் முதற் கேள்விக்கு அது தனித்து விடை தருவதில்லை. ஆராய்தற்கு ஒரு நூல் கையில் இருத்தல் வேண்டும்; அதனைக் குப்பையினின்றும் பொறுக்கித் தந்தவர் ஒருவர் இருந்திருத்தல் வேண்டும். புதுமைப்பித்தனையும் மௌனியையும் ஆராய்ச்சிப் பொருளாக்கிய பிற்காலத்தார் அனைவரும், ஏற்றவராயினும் மறுத்தவராயினும், இரசிகர் சிலர் காத்து வைத்த நூல்களின் மீதே தம் ஆய்வை எழுப்பினர். கைலாசபதிக்கு மறுப்பாக வெங்கட் சாமிநாதன் எழுதிய 'மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல்' இவ்வாதத்தை வளர்த்திருக்கலாம். ஆனால் அதன் சூடு அதற்கு இடந்தரவில்லை. அதன் பின்னர் வந்த விவாதங்களிலும் நூல்களை விட ஆட்களே அதிகம் பேசப்பட்டனர். அறுபதுகளில் தொடங்கிய ஒரு நல்ல கேள்வி இவ்வாறு கட்சிப் பூசலாய்க் கழிந்தது ஈழத்துத் திறனாய்வுக்கு நேர்ந்த இழப்பே.

கைலாசபதி 1982 டிசம்பரில், ஐம்பது வயதை எட்டுமுன்னரே காலமானார். க.நா.சு. 1986இல் 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்ற கட்டுரை நூலுக்குச் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். 1988 டிசம்பரில் டில்லியில் அவர் மறைந்தார். டில்லியில் வாழ்ந்த காலத்தில் தமிழ் நூல்களைப் பிறமொழியினருக்கு ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துவதே அவரது முக்கிய தொழிலாயிருந்தது. திருவனந்தபுரத்து நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்', மணிக்கொடியோடும் காவிரிக் கரையோடும் எத்தொடர்புமற்ற இளைஞர் ஒருவர், இரணியல் வட்டாரத்துச் செட்டிமார் பேச்சில் எழுதிய நாவல். வயதில் தமக்கு இருபத்தாறு ஆண்டு இளையவரான அவ்வாசிரியரின் அந்நாவலைப் படித்து விரும்பி, ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்து 1972இல் வெளிக்கொணர்ந்தவர் க.நா.சு.வே.